கனடாவில அகதிக் கேஸ் குடுத்திட்டு இருக்கிறீங்களோ? எங்கட பக்கத்தால வாற சுணக்கத்தக் குறைக்கிற வழி

கேஸ் குடுத்திட்டு இருக்கிற ஆக்களுக்கு நான் சொல்லித் தெரியத் தேவையில்ல, விடிய எழும்பினா முதல் வேலை ஈமெயில் பாக்கிறது, பின்னேரம் ஊரில இருந்து மனுசி எடுத்து "இன்னும் ஒண்டும் வரேல்லையோ" எண்டு கேக்கிறது, விட்டிட்டு வரேக்க மூண்டு வயசா இருந்த பிள்ளை இப்ப பள்ளிக்கூட யூனிஃபோமோட வாட்ஸ்அப்பில நிக்கிறது. நானும் இந்த வெயிற்றிங்க இருந்து முடிச்ச ஆள்தான். இப்ப ஸ்காபரோவில எங்கட சனத்துக்கு ஃபோம் நிரப்ப, கடிதம் வாசிச்சுச் சொல்ல, லோயர் ஒஃபிசுக்குக் கூடப் போக எண்டு என்னால ஏலுமானதச் செய்யிறன், காசுக்கு இல்ல. நான் லோயர் இல்ல, அதால இத வாசிச்சிட்டு உங்கட லோயரிட்டயும் கேட்டுத்தான் செய்யோணும்.

முதல்ல நிலைமை என்னெண்டு பாருங்கோ. 2012 டிசம்பரில புதுச் சட்டம் நடைமுறைக்கு வரேக்க பெரும்பாலான கேஸுகளுக்கு 60 நாளுக்குள்ள ஹியரிங், அதாவது விசாரணை, எண்டு எழுதி வச்சவை. 2024 முடியேக்க, அகதிக் கேஸ விசாரிச்சு முடிவு சொல்லுற ஐஆர்பியில முடிவுக்குக் காத்திருந்த கேஸ் ரெண்டரை லட்சத்துக்கும் மேல. அந்த வரிசைய நீங்களும் நானும் ஒண்டும் செய்ய ஏலாது. ஆனா உங்கட முறை வாற நாளில ஃபைல் ரெடியா இல்லாட்டி, ஹியரிங் பாதியில நிண்டு அடுத்த திகதிக்குத் திருப்பியும் மாசக்கணக்கில இருக்கிறீங்களே, அந்த ரெண்டாவது காத்திருப்ப மறிக்கலாம். நான் கண்ட அளவில சனத்த உடைச்சுப் போடுறது அதுதான்.

இன்னொண்டும் சொல்லோணும். "நேர வந்து கதைக்கிற ஹியரிங் எல்லாம் என்னத்துக்கு, பேப்பரப் பாத்து முடிவச் சொல்லலாம்தானே" எண்டு கன பேர் கேக்கினம். 1985 ஏப்ரல் 4 ஆம் திகதி கனடா உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில தீர்ப்புக் குடுக்கேக்கதான், அகதி எண்டு கேக்கிற ஆளின்ர வாய்மொழியக் கேக்கோணும் எண்ட உரிமை எங்களுக்கு வந்தது. அடுத்த வருஷம் ஓகஸ்டில நியூஃபவுண்ட்லாண்ட் கடலில உயிர்காப்புப் படகுகளில மிதந்துகொண்டிருந்த 155 தமிழர மீன்பிடிக்காரர் காப்பாத்தினவை. அண்டைக்குத் தொடக்கம் இண்டைக்கு வரைக்கும் எங்கட சனத்தில எத்தினை பேருக்கு அந்த ஹியரிங்தான் உயிரக் காப்பாத்திக் குடுத்தது. அதால அதத் தொல்லையா நினைக்காமல் அதுக்கு ஆயத்தப்படுங்கோ.

சரி, இனி விஷயத்துக்கு வாறன்.

அட்ரஸ். இதுதான் சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனா கேஸயே முடிச்சுப் போடுறது இதுதான். எங்கட ஆக்கள் வந்து முதல் ஒரு வருஷத்தில மூண்டு பேஸ்மென்ட் மாறுவினம், ஒரு இடத்தில வாடகை கூட, ஒரு இடத்தில வீட்டுக்காரரோட சரிவரேல்ல, பிறகு வேலைக்குக் கிட்ட எண்டு இன்னொரு இடம். மாறின கையோட லோயரின்ர செக்ரட்டரிக்கு ஒரு போன் அடிச்சுச் சொல்லிட்டு வேலை முடிஞ்சுது எண்டு நினைப்பினம். முடியேல்ல. ஐஆர்பி வேற, குடிவரவுத் திணைக்களம் எண்டுற ஐஆர்சிசி வேற, எல்லைப் பாதுகாப்பு எண்டுற சிபிஎஸ்ஏ வேற. ஒரு இடத்துக்குச் சொன்னா மற்ற இடத்துக்குத் தானாப் போகும் எண்டு நம்பாதேங்கோ, மூண்டுக்கும் தனித்தனியா எழுத்தில அறிவியுங்கோ, லோயருக்கும் எழுத்தில சொல்லுங்கோ, அனுப்பினதுக்கு ஆதாரத்த ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கோ. போன் நம்பர், ஈமெயில் மாறினாலும் இதேதான். ஹியரிங் நோட்டீஸ் பழைய அட்ரஸுக்குப் போய், நீங்கள் அண்டைக்குப் போகாமல் விட்டால், 5 வேலை நாளுக்குள்ள ஒரு விசேஷ ஹியரிங் வைப்பினம், அதிலயும் சரியான காரணம் காட்டாட்டி கேஸ் கைவிடப்பட்டது எண்டு மூடிப் போடுவினம். அப்பிடி மூடினால் கனடாவில திருப்பி அகதிக் கேஸ் குடுக்க ஏலாது. சுணக்கம் இல்ல, முழுக்கவே முடிஞ்சுபோம்.

அடுத்தது பேர். இதில நான் பட்ட பாட்டச் சொல்லுறன். என்ர பிறப்புச் சான்றிதழ் கையால எழுதினது, தமிழில மட்டும் இருக்கு. அடையாள அட்டையில அப்பாவின்ர பேருக்கு இனிசியல் மட்டும். பாஸ்போட்டில அப்பாவின்ர பேர் முழுசா குடும்பப் பேர் எண்ட இடத்தில நிக்குது, அதுவும் இங்கிலீசில எஸ் எச் ஐ எண்டு தொடங்குது. பள்ளிக்கூடச் சேர்ட்டிபிக்கேற்றில எச் இல்ல, வெறும் எஸ் ஐ. எங்களுக்கு இது ஒரு விஷயமே இல்ல, ஊரில ஆரும் கேக்கிறதும் இல்ல. ஹியரிங்கில முடிவு சொல்லுற மெம்பர் நாலையும் வரிசையா வச்சு "இது நாலும் ஒரே ஆளோ" எண்டு கேட்டா. நான் "ஓம், அது நான்தான்" எண்டன். அது காணாதாம். போதாக்குறைக்கு பிறப்புச் சான்றிதழ மொழிபெயர்த்த இடத்தில கடைசித் தாளில மொழிபெயர்ப்பாளரின்ர உறுதிமொழி இல்லை, சீல் மட்டும் கிடந்தது. அண்டைக்கு ஹியரிங் முடியேல்ல. அடுத்த திகதி வர எட்டு மாசம். அந்த எட்டு மாசத்துக்குள்ளதான் அம்மா போனவ.

அதால இத இண்டைக்கே செய்யுங்கோ. உங்களிட்ட இருக்கிற எல்லா டொக்கியுமென்டையும் மேசையில பரப்பி, ஒவ்வொண்டிலயும் பேர் என்ன எழுத்தில இருக்கு, பிறந்த திகதி என்ன, பிறந்த இடம் என்ன எண்டு ஒரு தாளில எழுதுங்கோ. வித்தியாசம் வாற இடத்த லோயருக்குக் காட்டுங்கோ. எங்கட பேர் முறை எப்பிடி, தகப்பன்ர பேர் ஏன் முன்னுக்கு வருது, இங்கிலீசில ஏன் பல மாதிரி எழுதப்படுது எண்டு ஒரு சின்ன விளக்கம் உங்கட சத்தியக்கடதாசியில போகட்டும். மனுசி பிள்ளையளின்ர பேரையும் இதே மாதிரிப் பாருங்கோ, அது பிறகு நிரந்தர வதிவிடம் எண்டுற பிஆருக்கும் உதவும்.

மொழிபெயர்ப்பு விஷயத்தில ஐஆர்பியின்ர விதி தெளிவா இருக்கு. இங்கிலீசிலயோ பிரெஞ்சிலயோ இல்லாத ஒவ்வொரு கடதாசியோடயும் மொழிபெயர்ப்பும் மொழிபெயர்த்த ஆளின்ர உறுதிமொழியும் போகோணும். அந்த உறுதிமொழியில அவரின்ர பேர், எந்த மொழியில இருந்து மொழிபெயர்த்தவர், மொழிபெயர்ப்பு சரியானது எண்ட வசனம், கையெழுத்து நாலும் இருக்கோணும். காசு குடுக்க முதல் கடைசித் தாளத் திருப்பிப் பாருங்கோ. சிங்களத்தில இருக்கிற பொலிஸ் துண்டு, கோட்ஸ் கடதாசி இதுகளுக்கு சிங்களம் தெரிஞ்ச ஆளிட்டத்தான் குடுக்கோணும், ஆராவது வாசிச்சுச் சொல்ல அதத் தமிழில எழுதி பிறகு இங்கிலீசாக்கினா பிழைக்கும்.

ஏன் அகதியாக் கேக்கிறீங்கள் எண்டு எழுதிக் குடுக்கிற, பிஓசி எண்டுற அடிப்படை ஃபோம்தான் உங்கட கேஸின்ர முதுகெலும்பு. அத எப்ப குடுக்கோணும் எண்டு உங்களுக்குத் தந்த பேப்பரில திகதி இருக்கும், பக்கத்து வீட்டுக்காரருக்கு எவ்வளவு நாள் குடுத்தவை எண்டது உங்களுக்கு உதவாது. அந்தத் திகதி தவறினாலும் கைவிடப்பட்ட கேஸ் எண்டு பாக்கத் தொடங்குவினம். எழுதேக்க சனம் விடுற பெரிய பிழை திகதியில. ஊரில நாங்கள் நாள், மாசம், வருஷம் எண்டு எழுதுறம், இங்க ஃபோமில வருஷம், மாசம், நாள். 03/05 எண்டு எழுதினத மார்ச் 5 எண்டு ஒருத்தர் எடுப்பார், மே 3 எண்டு இன்னொருத்தர் எடுப்பார், ஹியரிங்கில அது பொய் மாதிரிப் போகும். மாசத்த எழுத்தில எழுதுங்கோ. சரியான நாள் ஞாபகம் இல்லாட்டி "2009 மே கடைசியில, முள்ளிவாய்க்காலால வெளிக்கிட்டு ஓமந்தைக்கு வந்த பிறகு" எண்டு நடந்ததோட சேத்துச் சொல்லுங்கோ, இல்லாத நாள ஊகிச்சு எழுதாதேங்கோ.

எயர்போட்டில கேஸ் கேட்ட ஆக்கள் எண்டால், அண்டைக்கு ஒஃபிசர் எழுதின குறிப்பு உங்கட ஃபைலில இருக்கும். இருபது மணித்தியாலம் பிளேனில வந்து, நித்திரை இல்லாமல், பயத்தில என்ன சொன்னீங்களோ அது அப்பிடியே கிடக்கும். லோயரிட்ட அந்தக் குறிப்பக் கேட்டு வாங்கி தமிழில வாசிச்சுச் சொல்லச் சொல்லுங்கோ. பிஓசியில எழுதினதும் அதுவும் இடிக்குது எண்டால், ஹியரிங்குக்கு முதலே விளக்கம் எழுதலாம். பிஓசியில திருத்தம் செய்யிறது குற்றம் இல்ல, மாத்தின இடத்துக்குக் கீழ கோடு போட்டு, கையெழுத்தும் திகதியும் வச்சு, ஹியரிங்குக்கு 10 நாளுக்கு முதல் கிடைக்கிற மாதிரி அனுப்போணும். ஏஜென்சிக்காரன் சொல்லித் தந்த கதைய முதல் நாள் சொல்லிப்போட்டன் எண்டு பயந்து ஒளிச்சு வச்சிருக்கிற ஆக்கள் இருக்கினம். லோயரிட்ட உடன சொல்லுங்கோ. நீங்கள் சொல்லித் திருத்தினா அது ஒரு மாதிரி, மெம்பர் கண்டுபிடிச்சா அது வேற மாதிரி.

மொழிபெயர்ப்பாளர் பற்றிக் கொஞ்சம் நிண்டு சொல்லோணும். பிஓசியில மொழியும் பேச்சு வழக்கும் கேக்கிற இடம் இருக்கு. எங்கட ஆக்கள் தமிழ் எண்டு மட்டும் எழுதிப்போட்டு விடுறவை. இலங்கைத் தமிழ் எண்டு எழுதுங்கோ. இந்தியத் தமிழ் கதைக்கிற மொழிபெயர்ப்பாளர் கெட்டிக்காரரா இருக்கலாம், ஆனா எங்கட கதை எங்கட சொல்லிலதான் இருக்கு. ஒரு தம்பி லோயர் ஒஃபிசில கதைக்கேக்க நான் பக்கத்தில இருந்தன். அவன் "பெடியள் வந்து அண்ணாவக் கேட்டவை" எண்டான். மொழிபெயர்ப்பாளர் இங்கிலீசில சொன்னது, சில பையன்கள் வந்து அண்ணனப் பற்றி விசாரிச்சவை எண்டு. அவன் சொன்னது இயக்கம் வந்து அண்ணாவத் தங்களோட சேர வரச்சொல்லிக் கேட்டது. ரெண்டுக்கும் எவ்வளவு தூரம் பாருங்கோ, கேஸே அந்தச் சொல்லிலதான் நிக்குது. அண்டைக்கு ஒஃபிஸ் எண்டபடியா உடன திருத்தினம். ஹியரிங்கில இப்பிடிப் போனா நடுவில நிப்பாட்டி வேற ஆள் வாறதுக்கு வேற திகதி வைப்பினம், இல்லாட்டி ஒருத்தரும் கவனிக்காமல் பிழையாவே பதிவாகும், அது அதவிடக் கூடாது. மொழிபெயர்ப்பாளர மாத்தோணும் எண்டால் ஹியரிங்குக்கு 10 நாளுக்கு முதல் எழுத்தில கேக்கோணும். ஹியரிங் நடக்கேக்க விளங்கேல்ல எண்டால் அந்த நிமிஷமே கைய உயத்திச் சொல்லுங்கோ, முடிஞ்ச பிறகு வெளியில வந்து சொல்லிப் பிரயோசனம் இல்ல.

மெடிக்கல், கைரேகை இதுகள் கெதியா முடிக்கிற வேலை. மெடிக்கல் கடிதம் வந்தால் 30 நாளுக்குள்ள, அவையின்ர லிஸ்டில இருக்கிற டொக்டரிட்ட மட்டும் போகோணும், செலவு அகதிகளுக்கான மருத்துவத் திட்டத்தில போகும். மெடிக்கல் முடியாமல் வேர்க் பேமிட் வராது, கன பேர் வேர்க் பேமிட் வரேல்ல எண்டு அழுறதுக்கு இதுதான் காரணம். பாதுகாப்புச் செக்கிங் சிபிஎஸ்ஏயும் உளவுத்துறையான சிசிஸும் செய்யிறது, அதத் துரிதப்படுத்த ஏலாது. ஆனா கேஸ் விபரத்த ஒன்லைனில நிரப்புற போர்ட்டலில கேக்கிற 10 வருஷ அட்ரஸ், வேலை விபரத்தில இடைவெளி விட்டால் அது திரும்பி வரும். வேலை இல்லாமல் இருந்த மாசம், மலேசியாவிலயோ டுபாயிலயோ ஏஜென்சிக்காரன் அறையில வச்சிருந்த மாசம், எல்லாத்தையும் எழுதுங்கோ. ஒரு மாசமும் வெறுமையா நிக்கக் கூடாது.

ஊரில இருந்து வாற கடதாசிதான் உண்மையில நேரம் எடுக்கிறது, ஹியரிங் திகதி வந்த பிறகு தொடங்கினா சரிவராது. எல்லாக் கடதாசியும் ஹியரிங்குக்கு 10 நாளுக்கு முதல் ஐஆர்பியின்ர கையில இருக்கோணும், பக்க நம்பர் போட்டு, என்னென்ன இருக்கு எண்ட லிஸ்டோட. அதால கேஸ் குடுத்த கிழமையே தொடங்குங்கோ: பிரதேச செயலகத்தில பிறப்பு, கலியாணச் சான்றிதழ், மனித உரிமைகள் ஆணைக்குழுவில குடுத்த முறைப்பாட்டின்ர கொப்பி, செஞ்சிலுவைக்காரர் குடுத்த ஐசிஆர்சி கார்ட் இருந்தால் அது, புனர்வாழ்வில இருந்து விட்ட கடதாசி இருந்தால் அது, ஆஸ்பத்திரி டயக்னோசிஸ் கார்ட். கிராம சேவகரும் சமாதான நீதவானும் குடுக்கிற கடிதம் எடுக்கிறதெண்டால், எல்லாருக்கும் ஒரே வசனத்தில அடிச்சுக் குடுக்கிற கடிதத்தால பிரயோசனம் இல்ல, மெம்பர்மார் அப்பிடி நூறு கடிதம் கண்டிருப்பினம். தன்ர கண்ணால கண்டது என்ன, எப்ப, எங்க எண்டு ஒருத்தர் சொந்தமா எழுதி, தன்ர அடையாள அட்டைக் கொப்பியும் போன் நம்பரும் வச்சு அனுப்பினா அந்த ஒரு கடிதம் காணும்.

ஆனா ஒண்டு, கடதாசிக்காக வீட்டு ஆக்கள ஆபத்தில விடாதேங்கோ. பொலிஸ் ஸ்டேசனுக்கு அம்மாவ அனுப்பி முறைப்பாட்டுக் கொப்பி கேக்கப் போய் பிறகு வீட்டுக்கு ஆள் வந்து நிண்ட கதை எங்களுக்குள்ள இருக்கு. ஒரு கடதாசி எடுக்க ஏலாட்டி, ஏன் ஏலாது, எடுக்க என்ன முயற்சி செய்தனான் எண்டு விளக்கம் குடுக்க விதியிலயே இடம் இருக்கு. அதால முயற்சிய நிரூபிக்கிற வாட்ஸ்அப் மெசேஜ், கூரியர் ரசீது எல்லாத்தையும் அழிக்காமல் வையுங்கோ. இலங்கை நிலைமை பற்றி இன்ரநெற்றில இருந்து இருநூறு பக்கம் பிரின்ட் எடுத்துக் குவிக்கவும் வேண்டாம், ஐஆர்பியே ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு ஆவணத் தொகுப்பு வச்சிருக்கு, இலங்கைக்கும் இருக்கு. அதில இல்லாததும் உங்கட கேஸோட நேரடியாத் தொடுகிறதும் மட்டும் குடுங்கோ. மெம்பர் வாசிக்கிற நேரம் உங்கட சொந்த ஆவணத்துக்குப் போகட்டும்.

லோயர் பிடிக்கிற விஷயத்தில அவசரப்படாமலும் சுணங்காமலும் செய்யோணும். ஒன்ராறியோவில வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கு லீகல் எய்ட் இருக்கு, கேஸ் குடுக்க முதலே கேளுங்கோ. காசு வாங்கி உங்களுக்காக ஐஆர்பி முன்னால நிக்க லோயருக்கோ, லைசன்ஸ் உள்ள பாராலீகலுக்கோ, ஐஆர்பிக்குரிய தரத்தில லைசன்ஸ் எடுத்த கன்சல்டனுக்கோதான் ஏலும், லைசன்ஸ் இருக்கோ எண்டு அவையின்ர சங்கத்தின்ர வெப்சைட்டில பேர் அடிச்சுப் பாக்கலாம். "எனக்கு உள்ளுக்க ஆள் இருக்கு, ரெண்டு மாசத்தில ஹியரிங் எடுத்துத் தாறன்" எண்டு சொல்லுற ஆளிட்ட ஒரு டொலரும் குடுக்காதேங்கோ. எம்பி ஒஃபிசுக்குப் போகலாம், வேர்க் பேமிட் மாதிரி ஐஆர்சிசி விஷயத்தில அவை விசாரிச்சுச் சொல்லுவினம். ஆனா ஐஆர்பி சுயாதீனமான தீர்ப்பாயம், எம்பியின்ர கடிதத்தால அங்க கேஸ் முன்னுக்கு வராது. கடும் வருத்தம், ஊரில பிள்ளைக்கு ஆபத்து எண்டு உண்மையான காரணம் இருந்தால் ஹியரிங்க முன்னுக்கு எடுக்கச் சொல்லி ஆதாரத்தோட எழுத்தில விண்ணப்பிக்கலாம், கிடைக்கும் எண்டு உத்தரவாதம் இல்ல, ஆனா கேக்காமல் கிடைக்காது.

ஹியரிங் திகதி வந்திட்டுது எண்டால் அத மாத்தாமல் இருக்கப் பாருங்கோ. மாத்தியே ஆகோணும் எண்டால் 3 வேலை நாளுக்கு முதல் விண்ணப்பம் போகோணும், வேற மூண்டு திகதியும் எழுதோணும், விசேஷமான காரணம் இருக்கோணும். சுகமில்லை எண்டால் டொக்டரின்ர கடிதம் எப்பிடி இருக்கோணும் எண்டும் விதியில இருக்கு: என்ன நோய் எண்டு பேர் எழுதத் தேவையில்ல, ஆனா அந்த நிலைமையில ஏன் ஹியரிங்கில கலந்துகொள்ள ஏலாது, எப்ப ஏலும் எண்டு எழுதியிருக்கோணும். "ரெஸ்ட் தேவை" எண்டு ஒரு வரி எழுதின துண்டு காணாது. விண்ணப்பத்துக்குப் பதில் வராட்டி மாத்தியாச்சு எண்டு நினைச்சு வீட்டில இருக்காதேங்கோ, அண்டைக்குப் போய் நிக்கத்தான் வேணும்.

இப்ப கனக்க ஹியரிங் டீம்ஸ் எண்டுற வீடியோ கோலில நடக்குது. பேஸ்மென்டில வைஃபை இழுக்காது எண்டால் சிநேகிதரின்ர வீட்டில ஒரு கதவு பூட்டுற அறையக் கேளுங்கோ, இல்லாட்டி லோயர் ஒஃபிசில இருந்து செய்யலாமோ எண்டு கேளுங்கோ, இல்லாட்டி நேர வந்து செய்யப்போறன் எண்டு முன்கூட்டியே கேக்கலாம். முதல் நாள் ஒருக்கா கமராவும் மைக்கும் போட்டுப் பாருங்கோ. அறையில உங்கட கேஸோட சம்பந்தமில்லாத ஒருத்தரும் இருக்கக் கூடாது. பிஓசியின்ர கொப்பி, டொக்கியுமென்ட் லிஸ்ட், தண்ணி, இவ்வளவும் மேசையில இருக்கட்டும். முதல் நாள் இரவு ஷிஃப்ட் எடுக்காதேங்கோ, நாலு மணித்தியாலம் நித்திரை கொண்டிட்டு வந்து 2009 இல நடந்ததச் சொல்லேக்க மனுசருக்கு திகதி மாறும், குரல் அடைக்கும். அழுகை வந்தால் அஞ்சு நிமிஷம் பிரேக் கேக்கலாம், குடுப்பினம்.

கேஸ் ஓகே ஆனால் சந்தோசத்தில ரெண்டு மாசம் பேசாமல் இருந்திடாதேங்கோ. பிஆர் ஃபோம உடன போடோணும், ஊரில இருக்கிற மனுசி, பிள்ளையள் எல்லாரின்ர பேரையும் அதில ஒருத்தரையும் விடாமல் போடோணும். அவையின்ர பாஸ்போட், பிறப்புச் சான்றிதழ், மொழிபெயர்ப்பு இதுகள ஹியரிங்குக்குக் காத்திருக்கிற காலத்திலயே எடுத்து வச்சால் தீர்ப்பு வந்த கிழமையே அனுப்பலாம். பாஸ்போட் முடியிற திகதிய இண்டைக்குப் பின்னேரம் மனுசி எடுக்கேக்க கேட்டுப் பாருங்கோ.